உப்பு ஸோடா ஒத்திகை

மனிதன் செய்யத் தகாத காரியங்கள் என்று நான் ஒரு சிறு ஜாபிதா வைத்திருந்தேன். மதுபானக் கூடத்தில் அடியெடுத்து வைப்பது அதில் முதலாவது. ஐம்பத்தெட்டு வயது வரையில் அந்த விரதத்துக்குப் பங்கம் நேரவில்லை. சென்ற மாதம் நேர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் என் தமையனாரின் மகன்.

பெரும்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் அவன் குடியிருக்கிறான். சோழிங்கநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். ஒரு காலத்தில் அவனுக்குக் குடிப் பழக்கம் இருந்தது. அது எப்படி வந்தது, எவ்வளவு தூரம் போயிற்று என்ற கதை இங்கே வேண்டாம். எட்டு மாதங்களுக்கு முன்பு வைத்தியர் ஒருவரின் உதவியுடன் அதை விட்டொழித்தான். அது முதல் ஆபீஸ் விருந்து எதற்கும் அவன் போகவில்லை. ஒவ்வொரு விருந்தன்றும் அவனுக்குத் தலைவலி வந்துவிடும். தலைவலிக்கும் ஓர் எல்லை உண்டல்லவா?

ஒரு நாள் மாலை கீழே இறங்கி வந்தான். "சித்தப்பா! வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் மேலதிகாரிக்குப் பிரிவுபசார விருந்து. எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் அவர்தான். போகாமல் இருப்பது நன்றி கெட்ட காரியம். ஆனால் விருந்து நடப்பது ஒரு ஹோட்டல் 'பா'ரில். அதற்கு முன்னால் ஓர் ஒத்திகை பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் துணைக்கு வர வேண்டும்" என்றான்.

"ஒத்திகையா? நாடகமா போடப் போகிறாய்?"

"ஏறக்குறைய அப்படித்தான். வெறுங்கையோடு நின்றால் யாராவது ஒரு கிளாஸைத் திணிப்பார்கள். அங்கே என்ன கேட்பது, எதை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரத்தை ஓட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை."

என் மனைவி என்னைப் பார்த்தாள். "போய்விட்டு வாருங்கள். குழந்தை தனியாகப் போக வேண்டாம்" என்றாள். அந்தக் குழந்தைக்கு வயது முப்பத்து மூன்று.

பழைய மாமல்லபுரம் சாலையில் இருந்தது அந்த ஹோட்டல். உள்ளே விளக்குகள் இருந்தனவே தவிர வெளிச்சம் இல்லை. பானங்களின் பட்டியலைப் பெரிய புத்தகமாகக் கொண்டு வந்து வைத்தார்கள். குடிக்காதவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் பாதி ஒதுக்கியிருந்தார்கள்.

முதலில் ஒரு நீல நிறப் பானம் வந்தது. அதன்மேல் காகிதக் குடை ஒன்று விரித்து வைத்திருந்தது. குடையை அகற்றிவிட்டு ஒரு வாய் பருகினேன். கல்யாண வீட்டில் மிஞ்சிய ஜீராவில் ஐஸ் போட்டது போல் இருந்தது. இரண்டாவது வாய் இறங்கவில்லை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரணமாகப் புட்டியில் வரும் இனிப்புப் பானங்களிலேயே 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை இருக்கும். 300 மில்லிப் புட்டி ஒன்றில் ஆறு ஏழு தேக்கரண்டிச் சர்க்கரை! மூன்று மணி நேரம் இதையே குடித்தால் குடியை விட்டவன் நீரிழிவு வைத்தியரிடம் போய்ச் சேர வேண்டியதுதான். தித்திப்பு சீக்கிரத்தில் திகட்டிவிடும். கசப்பும் புளிப்பும் காரமும் அப்படியல்ல. நாக்கை நிறுத்தி நிதானமாகப் பருகச் செய்யும். கூட்டத்தில் கையில் பிடிக்க வேண்டியது அந்த மாதிரிப் பானம்தான்.

இந்தத் தத்துவத்தைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் நான் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். பட்டியலில் "ஆல்கஹால் இல்லாத பீர்" என்று கண்டிருந்தது. "இதோ, கசப்பு! மது இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். உன் சகாக்களுக்கு வித்தியாசமே தெரியாது" என்று சொல்லி வரவழைத்தேன்.

நுரை ததும்பும் அந்தக் கிளாஸை அவன் முன்னால் வைத்தார்கள். அவன் கை பாதி தூரம் போய் நின்றது. முகம் வெளுத்துவிட்டது. "சித்தப்பா, தயவு செய்து இதை அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள். அதே வாசனை" என்றான். குரல் நடுங்கிற்று.

நான் வெட்கித் தலை குனிந்தேன். இவ்வகை பீர்களில் பலவற்றை முதலில் பீராகவே காய்ச்சிப் பிறகு சாராயச் சத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். சிலவற்றில் 0.5 சதவிகிதம் வரையில் அது தங்கியிருப்பதும் உண்டு. அது அறவே இல்லாவிட்டாலுங்கூட, நிறமும் மணமும் பழைய ஆசையைத் தட்டி எழுப்பிவிடும். ஆகவே, குடியை விட்டவர்கள் இதை ஒதுக்குவது நல்லது என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். ஒரு நாளும் குடியாதவனுக்கு இது வேடிக்கைப் பானமாக இருக்கலாம். மீண்டு வந்தவனுக்கு இது பழைய வீட்டின் கதவு.

பரிமாறிய பையன் புத்திசாலி. சொல்லாமலே விஷயத்தைப் புரிந்துகொண்டு கிளாஸை எடுத்துப் போனான். சர்க்கரை போடாமல் எலுமிச்சையும் உப்பும் சேர்த்த ஸோடா ஒன்றைக் கொண்டு வந்தான். பிறகு இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் கலந்து இன்னொன்று. மூன்றாவதாக ஐஸும் எலுமிச்சைத் துண்டும் போட்டு 'டானிக் வாட்டர்'. இது வேறு ஒன்றுமல்ல. மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னாவின் கசப்புத்தான். அந்தக் கசப்பு மருந்தை விழுங்குவதற்காக இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்கள் அதில் 'ஜின்' சேர்த்தார்கள். நாம் ஜின்னை நீக்கிவிட்டு மருந்தை மட்டும் வைத்துக்கொண்டோம். இதிலும் சர்க்கரை உண்டாகையால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது உசிதம்.

வீடு திரும்பும்போது எனக்கு மகாத்மா காந்தியின் ஞாபகம் வந்தது. 1941-இல் எழுதிய நிர்மாணத் திட்டத்தில், மதுவிலக்கு என்றால் கடையை மூடுவது மட்டும் அல்ல என்பதை அவர் தெளிவுபடுத்தியிருக்கிறார். களைத்த தொழிலாளி வந்து உட்காரவும், மலிவான நல்ல சிற்றுண்டி பெறவும், விளையாடவும் இடங்கள் வேண்டும் என்றார். திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து 1929-இல் ராஜாஜி, கல்கியின் துணையுடன் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' பத்திரிகையை நடத்தினார். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமுலுக்குக் கொண்டு வந்தார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதிலும் பரவியது. 1971-இல் தளர்ந்தது. 2003 முதல் ஸர்க்காரின் டாஸ்மாக் நிறுவனமே கடை வைத்துச் சில்லறையில் விற்கிறது. சட்டம் வரும், போகும். ஆனால் மனிதனுக்குச் சிநேகிதர்களோடு உட்காரும் ஆசை போவதில்லை. மதுவை விட்டவன் சிநேகத்தையும் விட வேண்டும் என்றால், அவன் எத்தனை நாள் தாங்குவான்?

பனை மரத்தைப் பாருங்கள். ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் விடியற்காலையில் பதநீர் இறங்குகிறது. தடவாவிட்டால் சாறு புளித்துக் கள்ளாகிவிடுகிறது. சுண்ணாம்பை முன்கூட்டியே தடவ வேண்டும். புளித்த பிறகு தடவிப் பயனில்லை. ஆகையால் நாங்கள் ஒரு தீர்மானம் செய்தோம். விருந்துக்குப் போனவுடன், மற்றவர்கள் கேட்பதற்கு முன்னால், அவனே தன் பானத்தைச் சொல்லிவிட வேண்டும். கிளாஸ் காலியாகும் முன்பே அடுத்ததைச் சொல்ல வேண்டும். யாராவது காரணம் கேட்டால், "எனக்கு இது போதும்" என்று ஒரே வாக்கியம். மனம் தடுமாறினால் விடைபெற்றுக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு நான் வாசலில் நின்று சந்திரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வானத்தில் சந்திரன் இல்லை என்று என் மனைவி பிறகு எடுத்துக் காட்டினாள். பத்தே கால் மணிக்கு அவன் வந்தான்.

"என்ன ஆயிற்று?"

"இரண்டு உப்பு ஸோடா, ஒரு இஞ்சி. அதிகாரி என்னைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினார், சித்தப்பா! போகாமல் இருந்திருந்தால்..." என்று நிறுத்தினான். பிறகு, "இன்னொரு விஷயம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் வெகு நேரம் என் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, மெதுவாக, 'இவருக்குக் கொடுத்ததையே எனக்கும் கொடுங்கள்' என்றார்" என்றான்.

அந்த மனிதர் யாரோ, அவருடைய கதை என்னவோ, நான் கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு டம்ளர் மோர் கொண்டு வந்தேன்.