அலாரம் கேட்காத அம்மாவுக்கு ஒரு சின்னச் சூரியன்!

காது கேட்கும் கருவி அணிபவர்கள் இரவில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். பகலெல்லாம் அந்தக் கருவியின் துணையோடு எல்லோரையும்போல இயங்குகிறவருக்கு, தலையணையில் தலை சாய்த்ததும் உலகம் மௌனமாகிவிடும். தூங்குவதற்கு அது வசதிதான். எழுந்திருப்பதற்கு?

சென்னை அம்பத்தூரில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மாவுக்கு இதுதான் பிரச்னை. வயது 58. தொழிற்பேட்டைக்கு முதல் ஷிப்ட் போகிறவர்கள் ஐந்தரைக்கே வந்து நிற்பார்கள். நான்கு மணிக்கு எழுந்தால்தான் நேரத்துக்கு முதல் ஈடு இறங்கும். கணவர் இருந்தவரை தோளைத் தொட்டு எழுப்புவார். அவருக்குப் பிறகு அந்த வேலை மகளிடம் வந்தது. மகளோ ஜூன் மாதம் கோவையில் வேலைக்குச் சேர வேண்டும்.

"நானே எழுந்துப்பேன். நீ கவலைப்படாம போ" என்றார் அம்மா. எழுந்தும் காட்டினார். எப்படி என்பதை ஒரு வாரம் கவனித்தபோதுதான் மகளுக்குப் புரிந்தது. அவர் தூங்கவே இல்லை. ஒரு மணிக்கு, இரண்டேகாலுக்கு, மூன்று மணிக்கு என மொபைலை எடுத்து நேரம் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். ஒருநாள் கடை திறக்கத் தாமதமானால் வாடிக்கையாளர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம்.

எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த மகளுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சத்தம் கேட்காவிட்டால் என்ன? வெளிச்சம் இருக்கிறதே!

மூடிய கண்ணுக்கும் தெரியும்

மொட்டை மாடியில் படுத்துத் தூங்கியவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். கிழக்கு வெளுத்ததும் யாரும் எழுப்பாமலே விழிப்பு வந்துவிடும். இமை கண்ணை மூடினாலும் வெளிச்சத்தை முழுதாக மறைப்பதில்லை. விழித்திரையில், பார்ப்பதற்கான செல்கள் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்களும் இருக்கின்றன. சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம் என்ற தகவலை மூளையின் உள்கடிகாரத்துக்கு அனுப்புவது இவற்றின் வேலை. வெளிச்சம் கூடக் கூட, தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு குறையும். நம் உடலின் கடிகாரம் மூலக்கூறு அளவில் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அம்மாவின் அறையில் இருப்பதோ ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. தவிர, நான்கு மணிக்குச் சூரியனே எழுந்திருக்காது. எனவே, சூரியனை வீட்டிலேயே செய்ய வேண்டியதுதான்.

ரிச்சி தெருவில் கிடைத்த சூரியன்

மகள் வாங்கியவை இவைதான். இ.எஸ்.பி.32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, டி.எஸ்.3231 என்ற கடிகார மாட்யூல், மஞ்சள் வெளிச்சம் தரும் 12 வோல்ட் எல்.இ.டி ஸ்ட்ரிப் இரண்டு மீட்டர், அதை இயக்க ஒரு மாஸ்ஃபெட், 12 வோல்ட் அடாப்டர், போர்டுக்காக அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சின்ன மாட்யூல். எல்லாம் சேர்ந்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது.

கடிகார மாட்யூல் எதற்கு? கரன்ட் போய் வந்தால் போர்டுக்கு நேரம் மறந்துவிடும். இந்த மாட்யூல், பொத்தான் வடிவ பேட்டரியின் தயவில் நேரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும். வைஃபை இல்லாத வீட்டுக்கும் இது போதும்.

எல்.இ.டி-யை நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் அணைத்து அணைத்து எரியவிட்டால், கண்ணுக்கு அது மங்கலான வெளிச்சமாகத் தெரியும். எரியும் நேரத்தைக் கூட்டினால் வெளிச்சம் கூடும். மூன்றரைக்கு ஆரம்பித்து நான்கு மணிக்கு முழு வெளிச்சம் என்று கணக்கு. 256 படிகளில் சீராகக் கூட்டியபோது, ஆரம்பத்திலேயே திடுக்கென்று வெளிச்சம் வந்தது. கடைசிப் பத்து நிமிடம் எதுவுமே மாறாததுபோல் இருந்தது.

காரணம் நம் கண். ஒன்றாம் படியிலிருந்து இரண்டுக்குப் போனால் வெளிச்சம் இரட்டிப்பாகிறது. 200-லிருந்து 201-க்குப் போனால் தெரிவதே இல்லை. எனவே, படிகளை 4,096 ஆக்கி, முதலில் மிக மெதுவாகவும் போகப் போக வேகமாகவும் கூடும்படி புரோகிராமை மாற்றினாள் மகள். பாதி நேரம் கடந்தபோது கால்வாசி வெளிச்சம்தான். இப்போதுதான் அது விடியல் மாதிரி இருந்தது.

வெளிச்சத்தை மட்டும் நம்பிவிட முடியாது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டால் எந்தச் சூரியனாலும் எழுப்ப முடியாது. அதற்காகப் பழைய வீடியோ கேம் கன்ட்ரோலரிலிருந்து ஓர் அதிர்வு மோட்டாரைக் கழற்றி, இன்னொரு மாஸ்ஃபெட்டில் இணைத்துத் தலையணை உறைக்குள் வைத்தாள். சரியாக நான்கு மணிக்கு அது அதிரும்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அடாப்டரைப் பிரிக்கவே கூடாது. உள்ளே ஓடுவது 230 வோல்ட். எல்.இ.டி ஸ்ட்ரிப்பை அலுமினியச் சட்டத்தில் ஒட்டி, திரைச்சீலையோ மெத்தையோ படாமல் சுவரில் மாட்டுவது நல்லது.

அம்மா கேட்ட ஒரே கேள்வி

முதல் நான்கு நாள்கள் அம்மா நம்பவில்லை. வழக்கம்போல இரவில் மொபைலைப் பார்த்தார். ஐந்தாவது நாள் பார்க்கவில்லை. வெளிச்சம் பாதி வந்தபோதே எழுந்து உட்கார்ந்துவிட்டார். மோட்டாருக்கு வேலையே இல்லை.

நேரத்தை மாற்ற மகள் தன் மொபைலில் ஒரு வசதி செய்து வைத்திருந்தாள். கடை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய இரவு, "நாளைக்கு இது எரிய வேணாம்" என்றார் அம்மா. "இரும்மா, என் போன்ல மாத்திடறேன்" என்றாள் மகள்.

"ஏண்டி, என்னை எழுப்ப ஆள் வேணும்னு இருக்கக் கூடாதுன்னுதானே இதைச் செஞ்சே? இப்ப இதை நிறுத்த ஆள் வேணுமா?"

மகளிடம் பதில் இல்லை. மறுநாளே மொபைல் வசதியை நீக்கிவிட்டு, பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டு பொருள்களைப் பொருத்தினாள். நேரத்தைக் கூட்டிக் குறைக்க, ரேடியோவில் இருப்பது போன்ற ஒரு திருகு. அணைக்க ஒரு சாதாரண சுவிட்ச். கோவைக்கு ரயில் ஏறும் முன்பு அவள் செய்த கடைசித் திருத்தம் அது.

இப்போது சனிக்கிழமை இரவுகளில் அம்மா அந்தச் சுவிட்ச்சைத் தன் கையாலேயே அணைத்துவிட்டுப் படுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எப்போது விடிய வேண்டும் என்பது அவர் முடிவு.