ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. பழைய புல்லட் மட்டும்தான் பார்க்கிறார்கள். ஊரும் அதற்குத் தோதானதுதான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனத்தோடு கைகோத்து 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா, பல்லாண்டுகள் புல்லட்டைத் தயாரித்தது இங்கேதான்.

நான் போயிருந்த காலையில், வார்ப்பிரும்பு எஞ்சின் வைத்த 350 ஒன்றை ஒருவர் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மழைக்காலம் முழுக்க வாசலிலேயே நின்ற வண்டியாம். வேறொரு இடத்தில் புது பிளக் போட்டு, கார்பரேட்டரைக் கழுவி, காயிலையும் மாற்றியாகிவிட்டது. உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம்.

பட்டறைப் பையன் ஸ்பேனரை எடுத்தான். பட்டறை நடத்தும் பெரியவர் தடுத்தார்.

“எதையும் கழட்டாதடா. லைட்டு எரியுதா, ஆரன் அடிக்குதா, அத்தப் பாரு மொதல்ல.”

இரண்டும் சரியாக இருந்தன. பேட்டரிமேல் சந்தேகமில்லை. அடுத்து சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷரைப் பிடித்தபடி கிக்கரைக் கையாலேயே மெல்ல இறக்கச் சொன்னார். அவர் பார்வை ஹெட்லைட்டுக்கு மேலிருக்கும் ஆம்ப் மீட்டரிலேயே இருந்தது. கரண்டை விட்டு விட்டு இணைக்கும் சுவிட்ச்தான் பாயிண்ட். அது மூடியிருக்கும்போது காயில் வழியே கரண்ட் ஓடும், முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். கிக்கர் இறங்க இறங்க முள் இப்படிப் போய்வர வேண்டும். சாய்ந்தபடியே கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் ஷார்ட். இந்த வண்டியிலோ முள் நடுவை விட்டு அசையவே இல்லை. எங்கேயோ கரண்ட் அறுபடுகிறது. காயிலை மாற்றியவர் இந்த முள்ளை ஒருமுறை பார்த்திருந்தால் வண்டிக்காரருக்கு அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

எஞ்சினின் வலப்பக்கம் பாயிண்ட் மூடியைத் திறந்தார். டார்ச் வெளிச்சத்தில், ஒன்றையொன்று தொட வேண்டிய இரண்டு டங்ஸ்டன் முகங்களிலும் சாம்பல் நிறப் படலம். பார்வைக்குத் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. கரண்ட் மட்டும் தாண்டவில்லை. கடலோரத்து ஈரத்தில் நின்ற வண்டிக்கு இது வழக்கம் என்றார். உப்புத்தாளின் மிக மெல்லிய ரகத்தை மடித்து உள்ளே விட்டு, இரண்டே இழுப்பு. பிறகு பெட்ரோலில் நனைத்த காகிதத்தால் துடைத்தார். அதிகம் தேய்த்தால் முகம் சாய்ந்துவிடுமாம். முள் ஆட ஆரம்பித்தது.

வண்டிக்காரர் கிக்கர்மேல் கால் வைத்தார். “இருங்க சார்” என்ற பெரியவர், ஃபீலர் கேஜை எடுத்தார். பாயிண்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். இங்கே 0.35 தகடே நுழையவில்லை. கேமில் உரசும் ஃபைபர் குதி தேயத் தேய இடைவெளி சுருங்கும், பொறி தாமதமாக விழும். திருப்புளியால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, தகடு லேசாகப் பிடித்து வழுக்கும் இடத்தில் இறுக்கினார். இறுக்கும்போதே இடைவெளி மாறிவிடும் என்பதால் மறுபடியும் அளந்தார். இந்தப் பொறுமைதான் தொழில் என்று எனக்குப் பட்டது.

பெட்ரோல் பக்கமும் ஒரு பார்வை. ஃப்ளோட் கிண்ணத்தில் கிடந்ததைக் கொட்டிவிட்டுப் புதிது விட்டார்கள். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்களையும் கெடுக்கும்.

பிறகு முறைப்படி உதை. கிக்கர் கனக்கும் இடம் வரை கொண்டுவந்து, டீகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தாட்டி, விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழு உதை. அரைகுறையாக உதைத்தால் திருப்பி அடிக்கும். கணுக்கால் போனவர்கள் உண்டு. வண்டி பிடித்துக்கொண்டது.

கூலி என்று பெரியவர் கேட்டது, அந்த வீணான காயிலின் விலையில் பாதிகூட வராது. அதற்கும் வண்டிக்காரர், “எதையும் மாத்தலையே?” என்று இழுத்தார். பொருளை மாற்றினால் பில்லோடு பணம் கிடைக்கிறது. மாற்றத் தேவையில்லை என்று கண்டுபிடித்தவருக்குப் பேரம்தான் கிடைக்கிறது. அந்தப் பையன் ஷோரூம் வேலைக்குப் போகப் பார்க்கிறான், அவனைக் குறை சொல்ல முடியவில்லை. பழைய புல்லட் வைத்திருப்பவர்களே, பழுதைக் கண்டுபிடிப்பதற்கென்று தனிக் கூலி கொடுங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள்.