போத்தனூர் வீடுகளின் இராச்சாப்பாடு

அரிசியும் துவரம்பருப்பும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்து வேகும் அரிசிம்பருப்பு, அதற்குத் தொட்டுக்கொள்ள ஒரு பொரியலோ சுட்ட அப்பளமோ: கோவையின் போத்தனூர், குறிச்சி, வெள்ளலூர் பக்கத்துக் குடும்பங்களில் இரவு என்ன செய்வது என்ற கேள்விக்கு முதலில் வரும் பதில் இதுதான். மற்ற இரவுகளில் கொள்ளு, பச்சைப்பயறு, தோசை, ரசம் என்று பண்டம் மாறும், அமைப்பு மாறாது. அடுப்பில் கனமான வேலை ஒன்றே ஒன்று இருக்கும். அது வேகும் நேரத்துக்குள் மீதி எல்லாம் முடிந்துவிடும். ஒரு நெருப்பிலும் ஒரு பருப்பிலும் எத்தனை பண்டம் எடுக்கலாம் என்று கொங்கு நாட்டுப் பெண்கள் பல தலைமுறையாகப் போட்டு வைத்த கணக்கு இந்தச் சமையலுக்குள் இருக்கிறது.

இதன் வேர் நிலத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் கோவைச் சமவெளியில் ஆண்டு மழை சுமார் 700 மி.மீ. அளவுதான். தென்மேற்குப் பருவக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வருகிற அளவுக்கு மழை வருவதில்லை. நொய்யல் பாசனமும் ஆனைமலை அடிவாரமும் நெல்லுக்கு இடம் கொடுத்தன. மற்ற மேட்டுக்காடுகளில் சோளம், கம்பு, ராகி, கொள்ளு, தட்டைப்பயறு, நிலக்கடலை என்றே விளைச்சல் இருந்தது. காட்டு வேலைக்குப் போன குடும்பத்தில் பகலில் உலை வைக்க ஆள் இருக்காது. பொழுது சாய்ந்து வீடு திரும்பிய பிறகே அடுப்பு எரியும். அப்போது ஆக்கிய கம்பஞ்சோறோ சோளச்சோறோ சூடாக இரவுக்கு. மிச்சத்தை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலையில் கரைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். நாளின் பெரிய சமையல் இரவில்தான் நடந்தது. அலுத்து வந்த கைகள் செய்த சமையல் என்பதால் அதில் சுற்று வேலைக்கு இடமில்லை.

பிறகு ஆலைகளும் ரயிலும் வந்தன. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலைக்குப் பின்னும், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பின்னும் கோவையில் ஆலைகள் பெருகின. வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை ஷிப்ட் சங்கு தீர்மானிக்கத் தொடங்கியது. போத்தனூருக்கு அதற்கு முன்பே வேறொரு கடிகாரம் இருந்தது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன ரயில் பாதை 1862இல் இவ்வூரைத் தொட்டது. 1915இல் பொள்ளாச்சிக்குக் கிளை பிரிந்தது. வண்டியோட்டிகள், கார்டுகள், சிக்னல் பணிமனைத் தொழிலாளர்கள் என்று வெவ்வேறு நேரத்தில் வீடு வந்து சேர்கிறவர்கள் நிறைந்த ஊர் இது. எட்டு மணிக்குச் சாப்பிடும் பிள்ளைகளுக்கும் பதினோரு மணிக்கு வரும் தகப்பனுக்கும் ஒரே சமையல் சரிப்பட வேண்டும். தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுத்தால் சிந்தாமல் போய்ச் சேர வேண்டும். சோறு தனி, குழம்பு தனி, ரசம் தனி என்ற பகல் சாப்பாட்டைவிட, எல்லாம் ஒன்றாக வெந்த சோறு இந்த வாழ்க்கைக்குப் பொருந்தியது.

அரிசிம்பருப்புக்கு அளவு கடினமில்லை. நான்கு பேருக்கு இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் ஒன்றாகக் கழுவி இருபது நிமிடம் ஊற வைக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் பதினைந்து சின்ன வெங்காயம் உரித்து, பத்துப் பல் பூண்டைத் தட்டி, ஒரு தக்காளியை நறுக்கிவிடலாம். வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டு உரித்தால் தோலும் லேசாக வரும், கண்ணும் எரியாது. குக்கரில் கடலை எண்ணெயோ தேங்காயெண்ணெயோ காய்ந்ததும் கடுகு, சீரகம், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை. பிறகு வெங்காயமும் பூண்டும். கடைசியில் தக்காளி, மஞ்சள்தூள். ஏழு டம்ளர் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டு, கொதி வந்ததும் அரிசியையும் பருப்பையும் சேர்த்து மூடி, மூன்று விசில். ஆவி தானாக அடங்கும் வரை திறக்கக் கூடாது. திறந்ததும் கரண்டியால் லேசாகக் கிளறினால் பருப்பு அரிசிக்குள் கரைந்து நிற்கும். சிலர் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலைக் கடைசியில் தூவுவார்கள். சிலர் மிளகாய், சீரகம், பூண்டைத் தேங்காயோடு கொரகொரவென்று அரைத்துச் சேர்ப்பார்கள். இரண்டும் சரியே. சாம்பார்ப்பொடியும் புளியும் மட்டும் வேண்டாம். அவை சேர்ந்தால் பண்டம் சாம்பார் சாதமாகிவிடும். சீரகமும் மிளகும் பூண்டும் முன்னால் நிற்கிற அந்த மணம் போய்விடும்.

பருப்பு வேகாமல் நறுக்கென்று நிற்பதுதான் இதில் வழக்கமான தொல்லை. காரணம் பெரும்பாலும் தண்ணீர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த போர்வெல் தண்ணீரில் பருப்பின் செல் சுவர் எளிதில் இளகாது. தக்காளியின் புளிப்பும் அதே தடையைக் கூட்டும். சிறுவாணி போன்ற மென்மையான தண்ணீரில் சீக்கிரம் குழையும் பருப்பு போர்த் தண்ணீரில் முரண்டு பிடிப்பது இதனால்தான். அப்படிப்பட்ட வீடுகளில் பருப்பை மட்டும் முக்கால் மணி நேரம் முன்கூட்டியே நல்ல தண்ணீரில் ஊற வைத்து, தக்காளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது உதவும்.

அரிசியையும் பருப்பையும் சேர்த்து ஆக்குவது கொங்குக்கு மட்டும் உரியதில்லை. வட இந்தியாவின் கிச்சடியும் எகிப்தின் கோஷரியும் இதே குடும்பம்தான். அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் கிடைக்கும். இரண்டும் ஒரே வட்டலில் சேர்ந்தால் புரதம் முழுமையை நெருங்குகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் மலிவு விலைத் துவரம்பருப்பும் கிடைப்பதால், பெரிய செலவில்லாமல் இந்தச் சேர்க்கை அமைகிறது. மேலே ஒரு கரண்டி நெய். அது ஊத்துக்குளி நெய்யாக இருந்துவிட்டால் பிள்ளைகள் இரண்டாவது முறையும் கேட்பார்கள்.

தொட்டுக்கொள்ள என்ன என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. குழைந்த, காரம் மட்டான சோற்றுக்கு மொறுமொறுப்பாக ஒன்றும் புளிப்பாக ஒன்றும் போதும். அப்பளமும் எலுமிச்சை ஊறுகாயும் இருந்தாலே வட்டல் நிறைந்துவிடும். நேரம் இருந்தால் உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி மிளகாய்த்தூள், மஞ்சளோடு இரும்புச் சட்டியில் முறுக வறுக்கலாம். இல்லாவிட்டால் கத்தரிக்காயை நீளவாக்கில் அரிந்து எண்ணெயில் வதக்கலாம். கூட்டோ குருமாவோ இதற்குச் சேராது, சோறே குழைவாக இருக்கும்போது தொட்டுக்கொள்வதும் குழைவாக இருந்தால் நாக்குக்குச் சீக்கிரம் சலித்துப்போகும். காய்கள் அன்றைக்குப் பறித்தவையாக இருந்தால் வேலை இன்னும் குறையும். கிணத்துக்கடவுத் தக்காளியும் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயமும் பொள்ளாச்சித் தேங்காயும் பக்கத்திலேயே விளைவது இவ்வூரின் பாக்கியம். இளம் அவரைக்காய்க்குக் கடுகு தாளித்து, உப்பு, இரண்டு கை தண்ணீர் தெளித்து மூடி, தேங்காய் தூவி இறக்கினால் போதும். மசாலா எதுவும் தேவைப்படாது.

கொள்ளு இன்னும் கெட்டிக்காரப் பருப்பு. வேக வைப்பது ஒருமுறை, கிடைப்பது இரண்டு பண்டம். காலையில் ஊறப்போட்ட ஒரு டம்ளர் கொள்ளைத் தண்ணீர் தாராளமாக ஊற்றி ஆறேழு விசில் விட்டு வடித்தால், செம்மண் நிறத்தில் ஒரு தண்ணீர் இறங்கும். அதில் கொஞ்சம் புளி கரைத்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு நுரை கட்டும்போது இறக்கினால் கொள்ளு ரசம். வடித்த பருப்பை, எண்ணெயில் வதக்கிய சின்ன வெங்காயம், வரமிளகாய், கொத்துமல்லி விதை, சீரகம், பூண்டோடு அம்மியிலோ மிக்ஸியிலோ ஒன்றிரண்டாக அரைத்தால் கொள்ளுக் கடைசல். மாவாக அரைபட்டால் வாயில் ஒட்டும், பாதி முழுசாகவே இருந்தால் சோற்றோடு சேராது. இடைப்பட்ட பதம் கைப்பழக்கத்தில் வரும். சுடுசோற்றில் கடைசலும் நல்லெண்ணெயும் பிசைந்து முதலில் சாப்பிட்டு, பிறகு ரசம் ஊற்றிக்கொள்வது முறை. நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. மழையை நம்ப முடியாத கரட்டு நிலத்திலும் விளையக்கூடியது. இத்தனை சத்துள்ள ஒரு பயிரைக் குதிரைத் தீவனம் என்று நகரவாசிகள் பல காலம் ஒதுக்கி வைத்திருந்தது வருத்தத்துக்குரியது. கொங்கு வீடுகள் அதைக் கைவிட்டதில்லை. சளி பிடித்த இரவில் கேட்காமலே கொள்ளு ரசம் வந்துவிடும்.

கொள்ளை ஊறப்போட மறந்த நாளுக்குப் பச்சைப்பயறு இருக்கிறது. வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ஊற வைக்காமலே நாலைந்து விசிலில் வேக வைத்து, வதக்கிய வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாயோடு மத்தால் கடைந்துவிடலாம். ஆறரை மணிக்கு யோசித்தால் ஏழேகாலுக்குத் தயார். தட்டைப்பயறும் கத்தரிக்காயும் சேர்ந்த குழம்பு இன்னும் ருசி. ஆனால் அது கொஞ்சம் நேரம் கேட்கும்.

அடுப்பே தேவைப்படாத ஒரு பண்டத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பச்சைப்புளி ரசத்துக்கு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், சீரகம், பச்சைமிளகாயை உரலில் நசுக்கி, உப்பும் கொத்துமல்லித் தழையும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து கரைக்கிறார்கள். வரமிளகாயைத் தணலில் சுட்டுப் போட்டால் புகை வாசனை ஏறும். ஒரு சிறு துண்டு வெல்லம் புளிப்பை அடக்கும். கொதிக்க வைத்தால் வெங்காயத்தின் பச்சை மணம் போய்விடும். கோடை இரவில், பருப்புச் சோற்றுக்குப் பக்கத்தில், இதற்கு ஈடில்லை.

ரயில் காலனியால் போத்தனூரின் இரவுச் சாப்பாட்டுக்கு வேறு கைகளும் கிடைத்தன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் செய்த பெப்பர் வாட்டர் மிளகு ரசத்தின் உறவுதான். அதைச் சோற்றில் ஊற்றி, உலர வறுத்த இறைச்சியோ கட்லெட்டோ பக்கத்தில் வைத்துக்கொண்டால் அவர்களுடைய எளிய சாப்பாடு முடிந்தது. நீர்த்த சாறு ஒன்று, உலர்ந்த பண்டம் ஒன்று என்ற அதே பொருத்தம் அங்கும் வேலை செய்கிறது. ரயிலில் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும் பாலக்காட்டிலிருந்து மோர்க்கறியும், சுட்ட மிளகாயோடு நசுக்கிய உள்ளிச் சம்மந்தியும் வந்து பல வீடுகளில் நிலைத்துவிட்டன.

மாவு இரவுகள் தனிக் கதை. இட்லி, தோசை மாவை வீட்டிலேயே மின்சாரத்தில் அரைக்கும் வெட் கிரைண்டர் கோவையில் 1955இல் பி. சபாபதியின் கையில் பிறந்தது. அதன் கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வந்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆட்டுக்கல்லில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருந்த வேலை ஞாயிற்றுக்கிழமை ஒரே அரைப்பில் முடிந்து, புதன்கிழமை வரை இராத் தோசைக்கு வழி செய்தது. கொங்கு வீட்டுப் பெண்களின் மாலைப் பொழுதை இதைப்போல் மீட்டுக் கொடுத்த இயந்திரம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். தோசைக்கு வறுத்த நிலக்கடலை, வரமிளகாய், பூண்டு, துளி புளி வைத்து அரைத்த கடலைச் சட்னி இங்கே தேங்காய்ச் சட்னிக்குச் சமமான இடத்தில் இருக்கிறது. தேங்காய் விலை ஏறும் மாதங்களில் அதுவே முன்னால் வருகிறது. சந்தகையும் அரிசிப் பண்டமே. என்றாலும் ஆவியில் வேக வைத்துச் சுடச்சுடப் பிழிய இரண்டு பேர் வேண்டும். அதை எளிய சமையலில் சேர்க்க முடியாது, விருந்தாளி வந்த இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கறி எடுக்கும் ஞாயிறுக்குக்கூடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரிக்கு அப்பால் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரில் வழங்கும் கோழி வறுவலுக்கு மசாலாப் பொடியே தேவையில்லை. விதை நீக்கிய வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், மஞ்சள், உப்பு, பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய், எண்ணெய். வெங்காயமும் மிளகாயும் வதங்கியதும் சிறு துண்டுகளாக வெட்டிய கோழியைப் போட்டு, தண்ணீர் தெளித்து மூடி வேக வைத்து, தேங்காய்ச் சில்லைச் சேர்த்து நீர் வற்றும்வரை புரட்டினால் அரை மணியில் தயார். ரசச் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடைப்பது அரிது.

இரவுக்கு ஆகாதவை என்று பெரியவர்கள் ஒதுக்கியவையும் உண்டு. கீரை பகலுக்கு மட்டும். பண்ணைக்கீரைக் கடைசல் எவ்வளவு ருசியானாலும் இரவில் வட்டலுக்கு வராது. தயிருக்குப் பதில் மோர். கீரை செரிக்க நேரம் பிடிக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். மின்விளக்கு இல்லாத காலத்தில் கீரையில் பூச்சி பார்த்து ஆய முடியாததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மிஞ்சியதற்கும் வழி இருக்கிறது. அரிசிம்பருப்பு ஆறியதும் இறுகும். காலையில் வெந்நீர் தெளித்துச் சூடாக்கினால் பழைய பதத்துக்குத் திரும்பும். இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு அழுத்திப் பரப்பினால் அடி முறுகி அடை போல வரும். கொள்ளுக் கடைசலைத் தண்ணீர் படாமல் எடுத்து வைத்தால் குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் தோசைக்குத் துவையலாகும். சோற்றை மட்டும் வெதுவெதுப்பாகவே இரவு முழுக்க மூடி வைக்கக் கூடாது. அரிசியில் இயல்பாக உள்ள சில பாக்டீரியா வித்துகள் வெந்த பிறகும் பிழைத்து, அந்தச் சூட்டில் பெருகி நஞ்சு உண்டாக்கும். ஷிப்ட் முடிந்து தாமதமாக வருகிறவருக்கான பங்கைச் சின்னப் போசியில் தனியாக எடுத்து, சீக்கிரம் ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, அவர் கை கால் கழுவி வருவதற்குள் ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுப்பதே சரியான முறை. அப்பளத்தை அப்போது புதிதாகச் சுட்டுக்கொள்ளலாம்.