செமஸ்டர் முடிந்தால் அக்கா வருவதில்லை

பெங்களூரில் அல்சூரை ஒட்டியிருக்கும் மர்பி டவுன் ஒரு காலத்தில் நாக்ஸ்பேட்டை. கன்டோன்மென்ட் வெள்ளைக்காரர் கையில் இருந்த நாளில் மர்பி என்ற இன்ஜினியரின் பெயரை இதற்கு வைத்தார்கள். அன்று பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களின் கொள்ளுப்பேரர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பலருக்குப் புத்தகத்தில் இங்கிலீஷ்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்கக் கல்லூரி மாணவர்கள் வருவது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. ஒரு மாணவி ஆறாம் வகுப்புப் பையனிடம் 84ஐ 6ஆல் வகுக்கச் சொன்னாள். இங்கிலீஷில் தொடங்கியவன் பாதியில் நின்றுவிட்டான். "தமிழ்லயே சொல்லுடா" என்றாள். "எட்டுல ஆறு ஒரு தடவை போவும், மீதி ரெண்டு. நாலை எறக்குனா இருபத்துநாலு. அதுல நாலு தடவை. பதினாலுக்கா!" கணக்கு அவனுக்கு வரும். அதை அவனிடமிருந்து வாங்கத் தெரிந்த ஆள்தான் வேண்டியிருந்தது.

அடுத்த செமஸ்டரில் அவள் இல்லை. புதிதாக வந்தவர் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார்.

கல்லூரி மாணவர்களை இப்படிச் சேவைக்கு அனுப்பும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஒரு மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணிக்கணக்கு மாணவருக்கு நிறைந்துவிடுகிறது, பிள்ளைக்கு நிறைவதில்லை. பள்ளி ஜூனில் திறந்து அடுத்த மார்ச், ஏப்ரல் வரை நடக்கிறது. வருகிறவர்களும் அந்த வருஷம் முழுக்க வரட்டும். போகிறவர் ரெண்டு வாரமாவது புது ஆளோடு சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையையும் அறிமுகப்படுத்திவிட்டுப் போகட்டும்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின் 2021இல் தமிழ்நாடு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' ஆள் தேடுவதில் சரியான ஒன்றைச் செய்தது. அந்தந்தப் பகுதியில் இருப்பவர்களையே தன்னார்வலர்களாக எடுத்தது; மாதம் 1,000 ரூபாயும் கொடுத்தது. பாடம் சொல்லித்தரும் அக்காவை ரேஷன் கடையிலும் பார்க்கலாம், நோட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே ஓடலாம்.

கல்லூரிகள் ஆள் தேடும்போது மர்பி டவுன் தெருக்களில்தான் முதலில் கேட்க வேண்டும். வீட்டிலேயே முதல் ஆளாகக் காலேஜுக்குப் போகிற பெண்களும் பையன்களும் இப்படிப்பட்ட தெருக்களில் இருக்கிறார்கள். கிளாஸ் முடிந்ததும் பார்ட் டைம் வேலைக்கு ஓட வேண்டியவர்களுக்குச் சேவை என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கக் கூடாது. மாதம் ஒரு தொகை கொடுத்தே கூப்பிட வேண்டும்.