ரோகிணியும் ஒரு பச்சை லேசரும்

செட்டா நகர் முருகன் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். "ரோகிணி எங்கப்பா இருக்கு?" என்றாள் மகள். குருக்களே சிரித்துவிட்டார்.

காட்டிவிடலாம் என்று நடைபாதைக் கடையில் ஒரு பச்சை லேசர் வாங்கினேன். வானம் பார்க்கும் கூட்டங்களில் நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டுவார்களே, அதேதான். காற்றிலுள்ள தூசு ஒளியைச் சிதறடிப்பதால் கதிர் கோடாகத் தெரியும். மும்பையில் தூசுக்கா பஞ்சம் :-)

பொங்கல் முடிந்த வாரம், இரவு ஒன்பதரை. செம்பூர் மொட்டைமாடியில் ரோகிணி கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேலேயே இருந்தது. ஆல்டிபரான் என்கிறார்களே, அந்த ஆரஞ்சு நட்சத்திரம். 65 ஒளியாண்டு தூரம். மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதற்குள் பையன் லேசரைப் பிடுங்கி வட்டம் போட ஆரம்பித்தான். காட்கோபர் பக்கம் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று வாங்க வந்திருந்த பாலக்காட்டு மாமா பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். விமான நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

"மேலே இருக்கறவாளுக்கும் கண்ணு இருக்குடா கொழந்தே!"

நமக்கு ஊசிமுனையாகத் தெரியும் கதிர் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுமாம். விமானி கண்ணாடி முழுக்கப் பச்சை. அதுவும் தரையிறங்கும் நிமிடத்தில். எனக்கு வியர்த்துவிட்டது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இந்த மலிவு லேசர்களில் பல, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பிலிருந்துதான் பச்சையை உண்டாக்குகின்றன. வடிகட்டி இல்லாவிட்டால் அகச்சிவப்பும் சேர்ந்தே வெளியே வரும். 2010-ல் அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகம் சோதித்த ஒன்றில், பச்சையைவிட அகச்சிவப்பு பத்து மடங்கு! தெரியாத ஒளிக்கு இமை மூடாது, பாருங்கள். என்னுடையதில் '5 மில்லிவாட்டுக்குக் கீழ்' என்று ஸ்டிக்கர் இருந்தது. அளந்தது யாரோ. 2023-ல் விநாயகர் ஊர்வல லேசர்களால் மகாராஷ்டிராவில் சிலருக்கு விழித்திரை பாதித்த செய்தியும் ஞாபகம் வந்தது. (அவை இதைவிடப் பல மடங்கு பெரியவை என்றாலும்.)

தங்கமணி பேட்டரியைக் கழற்றி அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்.

மறுநாள் லேசர் இல்லாமல் போனோம். ஓரியனின் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரம். அந்தக் கோட்டை வடமேற்கே நீட்டினால் ரோகிணி. மகள் விரலாலேயே பிடித்துவிட்டாள்.

"என்னோடது?" என்றான் பையன். அவன் கேட்டை. இந்த மாதத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால்தான் உண்டு. இன்னும் எழுந்தபாடில்லை.