அழகர் மாமா வருகிறார்!

பரீட்சை முடிந்த மறுநாளே வீடு சந்தைக்கடையாகி விடுகிறது, இல்லையா? ஒரு வாண்டு ஊஞ்சல் சங்கிலியில் தொங்கும். இன்னொன்று ஐஸ் பெட்டியைத் திறந்து திறந்து மூடும். "அம்மா, எங்கேயாவது போகலாம்" என்ற பல்லவி காலையில் ஆரம்பித்தால் இரவு படுக்கும் வரையில் ஓயாது. ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பலாம்; குளிர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பி வந்து பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொல்லக் குழந்தைக்கு ஒரு கதை வேண்டாமா? அந்தக் கதை வேண்டுமென்றால் சித்திரை மாதத்தில் மதுரைக்கு அழைத்துப் போங்கள்.

"அந்த வெயிலிலா? அந்தக் கூட்டத்திலா? சின்னக் குழந்தைகளை வைத்துக் கொண்டா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் கதை. ரயில் ஏறுவதற்கு முன்பே குழந்தைகளுக்கு இதைச் சொல்லி விட வேண்டும். மதுரையிலே மீனாட்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சுந்தரேசுவரர். மீனாட்சிக்கு அண்ணா ஒருவர் இருக்கிறார். அழகர் மலையில் வாசம். தங்கை கல்யாணத்துக்குச் சீர் எடுத்துக் கொண்டு புறப்படுகிறார். வழியெல்லாம் ஜனங்கள் நிறுத்தி நிறுத்தி உபசாரம் செய்கிறார்கள். வைகை ஆற்றுக்கு வந்து சேர்ந்தால், "கல்யாணம் முடிந்து விட்டது!" என்று செய்தி வருகிறது. வந்ததே கோபம்! ஊருக்குள் கால் வைக்காமல் ஆற்றோடு திரும்பி வண்டியூருக்குப் போய் விடுகிறார்.

இந்தக் கதை எந்தக் குழந்தைக்குத்தான் புரியாது? முகூர்த்தம் முடிந்த பிறகு வந்து, "எனக்காகக் காத்திருக்கக் கூடாதா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்ட மாமா ஒருவர் இல்லாத குடும்பம் நம் பக்கத்தில் உண்டோ? குழந்தைகளுக்கு அவர் 'அழகர் மாமா' ஆகி விடுவார். அப்புறம் பாருங்கள், உற்சவம் முழுவதும் அவர்கள் கட்சி மாமா கட்சிதான்.

கோவில் வரலாறு இன்னொரு விதமாகச் சொல்லும். மண்டூக மகரிஷிக்குச் சாபம் தீர்க்கத்தான் அழகர் வருகிறார். மீனாட்சி கல்யாணமும் அழகர் வருகையும் ஒரு காலத்தில் தனித்தனி விழாக்களாக இருந்தன. 1623 முதல் 1659 வரையில் ஆண்ட திருமலை நாயக்கர்தான் இரண்டையும் சித்திரையில் சேர்த்து வைத்தார் என்பார்கள். மீனாட்சியின் தேர்த் திருவிழா அதற்கு முன்னால் மாசியில் நடந்ததாம். தேர் இன்றும் மாசி வீதிகளில்தானே ஓடுகிறது! சைவ வீட்டுக் கல்யாணத்துக்கு வைஷ்ணவ மைத்துனரை வரவழைத்த அந்த ராஜாவின் சாமர்த்தியத்தைப் பெரியவர்கள் ரசிக்கலாம். குழந்தைகளுக்கு மாமா கதையே போதும்.

இனி, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற விஷயம்.

மீனாட்சி கோவில் உற்சவம் பன்னிரண்டு நாள். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கல்யாணம், தேர், ஆற்றில் இறங்குதல் ஆகிய மூன்று நாளைக்குத்தான் முண்டியடித்துக் கொண்டு வருவார்கள். நீங்கள் குழந்தைகளோடு போவதானால் முதல் வாரத்திலேயே போங்கள். இரவில் மாசி வீதிகளில் ஸ்வாமியும் அம்மனும் தினம் ஒரு வாகனத்தில் புறப்பாடு. கற்பக விருட்சம், சிம்மம், பூதம், அன்னம், காமதேனு என்று ஒவ்வோர் இரவும் ஒரு புது வாகனம். கைலாச பர்வத வாகனத்தில் மலையைத் தூக்கும் ராவணனைப் பார்த்து விட்டுக் குழந்தைகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

அந்தப் புறப்பாட்டுக்கு முன்னால் வருகிறதே ஒரு குட்டிப் பட்டாளம், அதுதான் உங்கள் குழந்தைகளுக்குப் பரம ஆனந்தம். உள்ளூர்க் குழந்தைகள் மீனாட்சி, முருகன், கிருஷ்ணன் என்று வேஷம் போட்டுக் கொண்டு வருவார்கள். சிறுமிகள் கோலாட்டம் அடித்துக் கொண்டு வருவார்கள். தூக்கம் சொக்குகிற ஒரு முருகன் அப்பா தோளில் வேலோடு சாய்ந்து வருவான். பவுடர் கலைந்து கிரீடம் நழுவிய ஒரு மீனாட்சி, தெருவோரத்தில் நின்று பஞ்சு மிட்டாய் கேட்டு அழுவாள். உங்கள் பெண் அவளைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். "நானும் அடுத்த வருஷம் வேஷம் போட்டுக்கறேன்" என்று அங்கேயே பேரம் ஆரம்பமாகி விடும். அந்த வீதிகளில் வீட்டுத் திண்ணையோ, கடைப் படியோ தேடி ஏழு மணிக்கு முன்னாலேயே இடம் பிடித்து விடுங்கள். குழந்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம். நின்றால் அதற்குப் பெரியவர்களின் முதுகுதான் தரிசனம்.

எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். வேப்பம்பூ மாலை சூடிச் செங்கோல் பிடிக்கிறாள். சித்திரையிலிருந்து நாலு மாதம் மதுரையில் அவள் ராஜ்யம். ஆவணியில்தான் ஸ்வாமி முடி சூடுகிறார். மறுநாள் திக்விஜயம். எட்டுத் திக்குப் பாலகர்களையும் ஜயித்து விட்டு, கடைசியில் மாப்பிள்ளையைக் கண்டதும் வில் தாழ்ந்து போகிறது. நாம் பெண் குழந்தைகளுக்குக் கல்யாணத்தைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்தி விடுகிறோம்; அதற்கு முந்தின இரண்டு நாளையும் விட்டு விடாதீர்கள்.

திருக்கல்யாணத்தன்று கோவிலுக்குள் போவதற்கு முன்கூட்டியே சீட்டுக்கு ஏற்பாடு செய்து கொள்ள வேண்டும். கிடைக்கவில்லையென்றால் மனம் வருந்த வேண்டாம். வெளியே பெரிய திரைகளில் காட்டுகிறார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து பிள்ளையாண்டான் முருகன் தெய்வயானையோடு அப்பா அம்மா கல்யாணத்தைப் பார்க்க வந்திருப்பார். (அது எப்படி என்று குழந்தை கேட்கும். கேட்கட்டும்!) மங்கல நாண் பூட்டிய அந்த நேரத்தில் மதுரைப் பெண்கள் நின்ற நின்ற இடத்திலேயே புதுத் தாலிச் சரடு மாற்றிக் கொள்வார்கள். மஞ்சள் சரடு ஒன்று உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

கல்யாணம் என்றால் சாப்பாடு இல்லாமலா? சேதுபதி பள்ளியில் பக்தர்கள் கல்யாண விருந்து போடுகிறார்கள். முந்தின நாள் பெண்கள் கூட்டங்கூட்டமாக வந்து காய்கறி நறுக்கிக் கொடுக்கிறார்கள். நம் வீட்டில் ஒரு கிலோ வெண்டைக்காய்க்கு அலுத்துக் கொள்கிறவர்கள்கூட அங்கே மூட்டை மூட்டையாக நறுக்குவார்கள்! சாப்பிட்டவர்கள் மொய்யும் எழுதுகிறார்கள். உங்கள் பிள்ளை கையில் ஒரு பத்து ரூபாயைக் கொடுத்து மொய் எழுதச் சொல்லுங்கள். சாமி கல்யாணத்துக்கு மொய் எழுதியவன் என்ற பெருமை அவனைப் பல நாள் நடக்க விடாது, பறக்கத்தான் வைக்கும்.

இனி, ஆற்றங்கரை. இங்கேதான் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன்.

சித்ரா பௌர்ணமியன்று விடியற்காலையில் தங்கக் குதிரை வாகனத்தில் அழகர் வைகையில் இறங்குகிறார். வெள்ளிக் குதிரையில் வீரராகவப் பெருமாள் வந்து வரவேற்கிறார். பார்க்க வேண்டிய காட்சிதான்; சந்தேகமேயில்லை. ஆனால் லட்சக் கணக்கில் ஜனங்கள் அந்த ஓரிடத்தை நோக்கி நெருக்குகிறார்கள். தொற்றுநோயினால் 2020-லும் 2021-லும் ஜனங்கள் கூட முடியாமல் போன விழா, 2022-ல் மறுபடி நடந்தபோது அந்த அதிகாலை நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தார்கள். அவர்கள் பெரியவர்கள். நம் இடுப்பு உயரம்கூட இல்லாத குழந்தைக்கு அந்த இடத்தில் மூச்சு விடக் காற்று எங்கே இருக்கிறது? "நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் தாத்தா தோளில் உட்கார்ந்து பார்க்கவில்லையா?" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பார்த்தார்கள்தான். அன்றைக்கு இவ்வளவு ஜனம் இல்லை. ஏழெட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அந்த விடியற்காலையில் ஆற்று மணலுக்கு அழைத்துப் போகவே போகாதீர்கள். யார் என்ன சொன்னாலும் சரி.

அப்படியானால் அழகர் மாமாவை எப்போது பார்ப்பது? முந்தின நாள் எதிர்சேவை. சுமார் இருபது கிலோ மீட்டர் தூரத்திலுள்ள மலையிலிருந்து அவர் கள்ளர் கோலத்தில், கொண்டை போட்டு, காதில் கடுக்கன் மின்ன, கையில் வளைதடியோடு வருகிறார். வழி நெடுக நூற்றுக் கணக்கான மண்டகப்படிகள். மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரையில்தான் கூட்டம் அதிகம். அதற்கு வெளியே, அழகர் கோவில் சாலையில் ஏதாவதொரு மண்டபத்துக்குப் பக்கத்தில் நின்று விட்டால், அவரே உங்களைத் தேடி வருவார். சொம்பிலே சர்க்கரை நிரப்பி, மேலே வாழையிலை கட்டி, அதன் மீது சூடம் ஏற்றிக் காட்டுகிறார்கள். தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் வருவார்கள். வெயிலில் வாடிய குழந்தைகள் மேல் நாலு துளி விழுந்தால் அதுகள் போடுகிற கூச்சலைக் கேட்க வேண்டுமே!

அன்று இரவு படுக்கும்போது ஒரு பந்தயம் வையுங்கள்: மாமா நாளைக்கு எந்த வர்ணப் பட்டு உடுத்துவார்? பச்சை கட்டினால் நாடு செழிக்கும் என்று மதுரையில் எல்லோரும் ஆவலோடு காத்திருப்பார்கள். விடியற்காலையில் குழந்தைகளை எழுப்பித் தொலைக்காட்சி முன்னால் உட்கார வைத்து விடுங்கள். ஜயித்தவருக்கு ஜிகர்தண்டா. பாதாம் பிசினும் நன்னாரியும் பாலும் சேர்ந்த அந்தப் பானத்தை நல்ல கடையாகப் பார்த்து வாங்குங்கள், கைக்குழந்தைக்கு வேண்டாம். தெருவில் பந்தலுக்குப் பந்தல் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். பெரியவர்கள் குடிக்கலாம்; குழந்தைகளுக்குக் காய்ச்சின தண்ணீரைக் கையோடு கொண்டு போவது உத்தமம். நுங்கு கண்ணில் பட்டால் விடாதீர்கள். கூட்டத்துக்குக் கிளம்பும்போது குழந்தையின் முன்கையில் உங்கள் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதி விடுங்கள். சட்டைப் பையில் சீட்டு வைப்பதெல்லாம் வீண். பஞ்சு மிட்டாயோடு அதுவும் போய்விடும்.

இன்னும் இரண்டு நாள் தங்க முடிந்தால், கோபம் தணிந்து மாமா மலைக்குத் திரும்புவதையும் பார்க்கலாம். மண்டூக மகரிஷிக்கு மோட்சம் கொடுத்து, ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம் காட்டி, பிறகு பூப்பல்லக்கில் ஏறிப் புறப்படுகிறார். அப்போது வெளியூர் ஜனம் பாதி ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். அழகர் கோவில் சாலையில், புதூருக்கு அப்பால், மரத்தடியில் ஒரு ஜமக்காளத்தை விரித்துப் போட்டுக் காத்திருங்கள். பல்லக்கு வருவதற்கு முன்னாலேயே மல்லிகை வாசனை வந்து விடும்.