தென்னம்பாளையில் ஒட்டிய முட்டைகள்

‘கணவாய்’ என்ற ஒரே சொல் தமிழில் மூன்று உயிர்களைச் சுமக்கிறது. உடலுக்குள் வெள்ளை ஓடு வைத்திருப்பது ஓட்டுக்கணவாய். மெலிந்து நீண்டது ஊசிக்கணவாய். எட்டுக் கைகளோடு பாறையிடுக்கில் பதுங்குவது பேய்க்கணவாய். பாடநூல் இம்மூன்றையும் ‘தலைக்காலிகள்’ என்னும் வகுப்பில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடும். கரையோர மக்கள் உடலமைப்பைக் கூர்ந்து நோக்கியே பெயரிட்டிருக்கிறார்கள் என்பதை விலங்கியல் வகுப்பில் ஒருமுறையேனும் சொல்லலாம்.

அவற்றுள் ஓட்டுக்கணவாயின் ஓட்டைச் சித்த மருத்துவம் கடல்நுரை என்று அழைக்கிறது. கரையொதுங்கிய அதைக் கையில் எடுத்தால் பெயரின் பொருத்தம் புரியும். சுண்ணாம்பால் ஆன மெல்லிய அறைகள் அடுக்கடுக்காக அமைந்த ஓடு அது. அறைகளிலுள்ள நீரை வெளியேற்றியும் உள்ளிழுத்தும் விலங்கு தன் மிதப்பைச் சரிசெய்துகொள்கிறது. ஆழம் மிகுந்தால் அழுத்தம் தாங்காமல் ஓடு நொறுங்கிவிடும். ஆகவே கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலே இதன் வாழிடம். மனிதக் கை எளிதில் எட்டும் கடலும் அதுவே.

ஓட்டைச் சுற்றியுள்ள உடலோ விந்தையானது. இதயங்கள் மூன்று: இரண்டு செவுள்களுக்குக் குருதியைச் செலுத்த, மூன்றாவது உடல் முழுமைக்கும். உயிர்வளியைச் சுமப்பது செம்பு கலந்த புரதம் என்பதால் குருதி நீலம். மூளை உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக அமைந்திருக்கிறது. விழுங்கும் ஒவ்வொரு கவளமும் மூளையின் நடுவே சென்றாக வேண்டும். தோலில் உள்ள நிறமிப் பைகள் ஒவ்வொன்றையும் சுற்றி நுண்தசைகள் உண்டு. அவற்றை மூளையிலிருந்து வரும் நரம்புகள் இயக்குவதால் நிறமாற்றம் நொடிக்குள் முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் கண்ணில் ஒளியுணரும் நிறமி ஒரே வகைதான். நிறங்களைப் பிரித்தறியாத கண்ணோடு தன் சூழலின் நிறத்தை இவ்வளவு செம்மையாகப் போர்த்திக்கொள்வது எப்படி என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்தொற்றுமை இல்லை.

தோல் ஒளிவதற்கு மட்டும் பயன்படுவதன்று. ஆஸ்திரேலியக் கணவாய் இனம் ஒன்றைப் பற்றி 2012இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. பெண்ணுக்கும் போட்டி ஆணுக்கும் இடையே நிற்கும் ஆண், பெண்ணின் பக்கம் காதல் வரிகளையும், போட்டியாளனின் பக்கம் பெண்ணின் கோலத்தையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. 2021இல் வெளியான மற்றோர் ஆய்வில், சற்றுப் பொறுத்தால் விருப்பமான இரை கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட கணவாய்கள் கண்முன் இருந்த எளிய இரையைத் தொடாமல் காத்திருந்தன.

இவ்வளவு கற்கும் உயிருக்கு வாய்த்த வாழ்நாள் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. முட்டையிடும் பருவம் முடிந்ததும் பெற்றோர் மடிந்துவிடும். குஞ்சு தாயைக் காண்பதில்லை. ஒரு தலைமுறை கற்றது அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்வதுமில்லை. எனினும் முட்டைக்குள்ளேயே கண் விழித்துக்கொள்கிறது. ஐரோப்பியக் கணவாயின் கருக்களுக்கு முட்டையுறை வழியாக நண்டுகளைக் காட்டி வளர்த்தபோது, பொரித்த பின் அவை நண்டையே விரும்பி வேட்டையாடின என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2008இல் எழுதினர். முட்டை எங்கே ஒட்டப்படுகிறதோ, அதைச் சுற்றியுள்ள கடலே அந்தக் குஞ்சுக்கு முதல் பாடம்.

ஒட்டுவதற்கும் பற்றுக்கோடு வேண்டும். தாய் ஒவ்வொரு முட்டையாக ஒரு தண்டில் சுற்றிக் கட்டுகிறது. நாளடைவில் திராட்சைக் கொத்துப்போல் அவை திரண்டுவிடும். மணலும் சேறுமான கடலடியில் அத்தகைய தண்டு அரிது. கர்நாடகக் கரையில் கணவாய் பிடிக்கச் செல்லும் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் இந்தத் தேவையை நன்கு அறிந்தவர்கள். காய் உதிர்ந்த தென்னம்பாளைகளைக் கட்டி, பாரமேற்றிக் கடலடியில் இறக்கிவைப்பார்கள். முட்டையிட இடம் தேடும் பெரிய கணவாய்கள் அங்கே வந்து கூடும். பிறகு தூண்டில் போதும். ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் உழைத்துப் பெறும் நடத்தையியல் அறிவுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று இது. ஆனால் முட்டையிட வந்த தாயையே அது கொக்கிக்கு அழைத்துவருகிறது.

இதனால் உள்ளூர் இழுவைப்படகினருக்கும் பாளை இறக்குவோருக்கும் பூசல் மூண்டது. தாய்க்கணவாயை அழிக்கிறார்கள் என்பது ஒரு தரப்பின் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைச் சொல்பவர்களின் இழுவை வலையில் இன்னும் முதிராத இளங்கணவாய்கள் ஏராளமாக வருகின்றன என்பதும் உண்மையே. தூண்டில்காரர் வெளியூர்க்காரர் என்பதால் மட்டும் முதல் தரப்பின் வாதத்துக்குக் கூடுதல் எடை தருவது முறையாகாது. ஓராண்டு வாழும் உயிருக்கு ஒரு முட்டையிடும் பருவம் தவறினால் ஈடுசெய்ய மறுபருவம் கிடையாது. அந்தக் கணக்கு இரு தரப்பினருக்கும் பொது.

அதே பாளைகளைத் தூண்டில் விழாத இடங்களில் இறக்கினால் என்ன ஆகும்? எத்தனை முட்டைகள் ஒட்டும், எத்தனை பொரிக்கும், பாளை எத்தனை நாள் அழுகாமல் நிற்கும்? கணவாயில் முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர், பாளை கட்டத் தெரிந்த ஒரு மீனவரிடம் முதலில் பேசுவது நல்லது. பொரிக்கும் தறுவாயிலுள்ள முட்டைக்கொத்து ஒன்றை அவர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினால், தெளிந்த உறைக்குள் இருந்து இரண்டு கரிய கண்கள் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்.